திரைக்கு மேல்பக்கம்: அவசர சிசேரியனில் கணவர் உள்ளே என்ன செய்கிறார்?

என் மகள் பிறந்த அன்று மதுரைக்கு ஃபோன் போட்டபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, குழந்தை எத்தனை கிலோ என்பது. இரண்டாவது, "மாப்பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயா விட்டாங்க?" அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அக்கா வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். வாங்கி வந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த முறை அதுதான். இங்கிலாந்தில் எனக்கு வேறு மாதிரி நடந்துவிட்டது என்ற செய்தி பரவியதும் சித்தி மகள், அவள் தோழி, தோழியின் நாத்தனார் என்று ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை; மேசையில் படுத்திருந்தவள்.

முதலில் 'அவசரம்' என்ற சொல். அவசர சிசேரியன் என்றதும் ஆம்புலன்ஸ் சத்தம், ஓட்டம், கதறல் எல்லாம் மனதில் வந்துவிடும். ஆனால் மருத்துவமனை மொழியில் அதற்கு அர்த்தம், முன்கூட்டியே நாள் குறிக்காத ஆபரேஷன் என்பதுதான். பிரிட்டனில் இதை நான்காகப் பிரிக்கிறார்கள். தாய் உயிருக்கோ குழந்தை உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் முதல் வகை. முடிவெடுத்த பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள், குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். சிக்கல் இருக்கிறது, ஆனால் உயிர் ஊசலாடவில்லை என்றால் இரண்டாம் வகை. அதற்கு 75 நிமிடம் வரை கணக்கு. ஆபத்து ஒன்றும் இல்லை, இருந்தாலும் சீக்கிரம் எடுப்பது நல்லது என்பது மூன்றாவது. நான்காவது, நாள் பார்த்துச் செய்வது. நம் ஊர்க்காரர்கள் நட்சத்திரமும் பார்ப்பார்கள்.

ஆக, 'எமர்ஜென்சி' என்று மருத்துவர் சொல்லும் பலவற்றில் நிதானமாகப் பேச, கேள்வி கேட்க, கணவர் உடை மாற்ற நேரம் இருக்கும். எனக்கு நடந்தது இரண்டாம் வகை. முடிவெடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை சுமார் 50 நிமிடம். அதில் ஐந்து நிமிடம் நான் மூக்குத்தியைக் கழற்ற முடியாமல் போராடியது.

ஏன் திடீரென்று முடிவு மாறுகிறது? வலி வந்து மணிக்கணக்காகியும் கருப்பை வாய் திறக்காமல் நின்றுவிடுவது ஒரு காரணம். குழந்தையின் இதயத்துடிப்பு இன்னொன்று. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. ஒவ்வொரு வலிக்கும் அது சரிந்து, மறுபடி ஏறத் தாமதமானால் குழந்தைக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்கவில்லையோ என்று சந்தேகிப்பார்கள். நஞ்சுக்கொடி முன்பே பிரிந்து இரத்தம் போவது, தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி வெளியே வந்துவிடுவது, முந்தைய சிசேரியன் தழும்பு பிளவது ஆகியவை நிஜமாகவே ஓட வைப்பவை. எனக்குக் கருப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்ததோடு மணிக்கணக்காக நின்றுபோனது. கூடவே இதயத்துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது.

நம் ஊரில் அதிகம் கேட்கும் காரணம், 'கொடி சுத்திக்கிச்சு.' கழுத்தில் கொடி சுற்றியிருப்பது அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. ஏறக்குறைய நான்கைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும், பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுகப்பிரசவத்திலேயே பிறக்கும். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, எண்ணெயில்தான் முதலில் முகம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தனிக் கதை. என் தம்பி இன்றுவரை நலமாக இருக்கிறான்.

சரி, தியேட்டருக்குள் போவோம்.

கணவர் உள்ளே வரும் வழக்கம் எப்படி வந்தது என்பது எனக்கே பின்னால்தான் புரிந்தது. தாய் விழித்திருப்பதால்தான் அவர் வருகிறார். முன்பெல்லாம் சிசேரியன் என்றாலே முழு மயக்கம். தூங்குகிறவருக்கு யார் துணை இருந்து என்ன ஆகப்போகிறது? முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறை பிரசவ ஆபரேஷன்களில் பரவலான பிறகுதான், வயிறு திறந்திருக்கும்போதே கண் விழித்திருக்கும் ஒரு பெண் மேசையில் இருந்தாள். அவளுடைய தலைமாட்டில் ஒரு முக்காலி போட வேண்டிய தேவையும் அப்போதுதான் வந்தது.

அந்த முதுகு ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. 'அந்த ஊசி போட்டதிலிருந்துதான் முதுகுவலி' என்று சொல்லாத சிசேரியன் அம்மா நம் பக்கத்தில் இல்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். ஆயுசுக்கும் வரும் முதுகுவலிக்கு அந்த ஊசியைக் காரணமாக ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளையைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்து, கூன்போட்டுப் பால் கொடுக்கும் மாதங்கள்தான் முதுகை வாட்டுகின்றன. சுகப்பிரசவமான என் நாத்தனாருக்கும் அதே வலிதான்.

ஊசி போடும்போது பெரும்பாலும் கணவரை வெளியே நிறுத்திவைப்பார்கள். அவர் அந்த நேரத்தில் தியேட்டர் உடை, தொப்பி, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே என்னைக் குறுக்கி உட்காரவைத்து, 'கோபப்பட்ட பூனை மாதிரி முதுகை வளையுங்க' என்றார்கள். வலிக்கு நடுவில் பூனையாவது அவ்வளவு சுலபம் இல்லை. ஊசி இறங்கியதும் கால்கள் சூடாகி, கனத்து, என்னுடையவை இல்லாமல் போயின. குளிர்ந்த ஸ்ப்ரே ஒன்றை அடித்து எதுவரை குளிர் தெரிகிறது என்று சோதித்தார்கள். மேசையைக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்தார்கள். மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய இரத்தக்குழாயை அழுத்தி இரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும், அதற்காக. சிறுநீர்க் குழாய் போட்டார்கள். நெஞ்சுக்கு நேரே ஒரு துணித்திரை எழும்பியது. அதன் பிறகுதான் கதவு திறந்து அவர் வந்தார். தொப்பியும் கவசமும் போட்டிருந்ததால் வேறு யாரோ என்று நினைத்து "தேங்க் யூ டாக்டர்" என்றேன்.

அறையில் எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆபரேஷன் செய்பவர், அவருக்கு உதவி, மயக்க மருந்து மருத்துவர், அவருக்கு ஓர் உதவியாளர், கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ், மருத்துவச்சி, குழந்தை மருத்துவர் என்று ஆளுக்கொரு வேலை. கணவருக்கு மருத்துவ வேலை எதுவும் கிடையாது. தலைமாட்டு முக்காலியில் உட்கார வேண்டும், கிருமி நீக்கிய நீலத்துணி எதையும் தொடக்கூடாது, தலை சுற்றினால் வீரம் காட்டாமல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். திரைக்கு அந்தப் பக்கம் நடப்பதை அவர் பார்க்க வேண்டியதில்லை. 'ரத்தத்தைப் பார்த்தா மயங்கிடுவாரே' என்று கவலைப்படும் மனைவிமார்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எழுந்து எட்டிப் பார்த்தால்தான் வம்பு.

வலிக்குமா? வலி இருக்கக்கூடாது. இருந்தால் உடனே சொல்ல வேண்டும், கூடுதல் மருந்து தருவார்கள். ஆனால் தொடுவதும் இழுப்பதும் நன்றாகவே தெரியும். வயிற்றுக்குள் யாரோ இரண்டு கையும் விட்டுப் பரோட்டா மாவு பிசைவது போல இருந்தது எனக்கு. கை நடுங்கியது, பல் கிட்டித்தது, குமட்டியது. இதெல்லாம் சகஜம் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மயக்க மருந்து மருத்துவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சாம்பாருக்கு எந்தப் பருப்பு நல்லது என்று கேட்டார். அந்த நிமிடத்தில் என் வயிறு திறந்திருந்தது, நான் துவரம்பருப்பு என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் யோசித்தால் சிரிப்பு வருகிறது. என் இரத்த அழுத்தத்தையும் முகத்தையும் கவனித்தபடியேதான் அவர் பருப்பு பேசினார் என்பதும் பின்னால் புரிந்தது.

முதல் வெட்டிலிருந்து குழந்தை வெளியே வரப் பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு தைப்பதற்கு முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. குழந்தை பிறந்தும் ஏன் இன்னும் விடவில்லை, ஏதாவது ஆகிவிட்டதா என்று வெளியே இருக்கும் சொந்தங்கள் தவித்துப் போவார்கள்.

என் மகள் வெளியே வந்தாள். அழவில்லை.

இந்த இடத்தில்தான் கணவர் உள்ளே இருப்பதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு விளங்கியது. திரை இருப்பதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. அறையின் மூலையில் இருந்த சூடான சின்ன மேசைக்குக் குழந்தையைக் கொண்டுபோனார்கள், நான்கு பேர் சுற்றி நின்றார்கள். எனக்குப் பார்க்கக் கிடைத்தது ஒன்றே ஒன்று: கவசத்துக்கு மேலே தெரிந்த அவருடைய கண்கள். அவர் மூலையைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "என்ன பண்றாங்க?" என்று கேட்டேன். "துடைக்கிறாங்க" என்றார். அது பொய் இல்லை. துண்டால் தேய்த்துத் துடைத்தார்கள்தான். கூடவே முகமூடி வைத்து மூச்சும் கொடுத்தார்கள் என்பதை நான்கு நாள் கழித்துத்தான் சொன்னார்.

அவர் செய்தது சரியா என்று சித்தி மகள் கேட்டாள். எனக்கு அன்று அந்தப் பாதி உண்மை போதுமாக இருந்தது. வேறு ஒருத்திக்கு முழுவதும் தெரிந்தால்தான் நிம்மதி வரும். இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் பெயர், தொட்டில், கார் இருக்கை எல்லாம் பேசினோம், இதைப் பேசவில்லை.

பேசி வைக்க வேண்டிய இன்னொன்று, குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோனால் கணவர் யாருடன் இருப்பது என்பது. அவசர சிசேரியன் அம்மாக்கள் பலர் அந்த நொடியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 'நீங்க குழந்தைகூடப் போங்க' என்று வாய் சொல்லும். அவர் போனதும் தலைமாட்டு முக்காலி காலியாகும், பச்சை உடைக்காரர்கள் நடுவில் தனியாகப் படுத்து முக்கால் மணி நேரம் தையல் போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு ஓர் ஆள் வேண்டும், உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். அம்மாவோ அக்காவோ வெளியே இருந்தால், கணவர் போனதும் அவரை உள்ளே விடுவீர்களா என்று கேட்டு வைக்கலாம். எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்பதில் நஷ்டம் இல்லை.

எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. அவள் அழுதாள். ஒரு நிமிடத்தில் ஒரு மதிப்பெண், ஐந்து நிமிடத்தில் இன்னொன்று என்று குழந்தைக்குப் பத்துக்கு மார்க் போடுவார்கள்: நிறம், இதயத்துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசைநிலை, மூச்சு. 1952இல் இதை வகுத்த வர்ஜீனியா அப்கர் ஒரு மயக்க மருந்து மருத்துவர். தாய் தலைமாட்டில் நின்றவர் குழந்தைக்கு மார்க் போடும் முறையைக் கண்டுபிடித்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. என் மகள் முதலில் ஐந்து, அப்புறம் ஒன்பது. தேறிவிட்டாள். அவரே தூக்கிக்கொண்டு வந்து என் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். என் கையில் ஊசிக் குழாயும் நடுக்கமும் இருந்ததால் அவர் கை எனக்குக் கையானது.

முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் கதை வேறு. முதல் வகையில், முதுகு ஊசிக்கு நேரம் இல்லாதபோது, சில நிமிடங்களில் தூங்க வைத்துவிடுவார்கள். அப்போது பிரிட்டனிலும் கணவரை வழக்கமாக வெளியேதான் நிறுத்துகிறார்கள். அவர் ஆறுதல் சொல்ல வேண்டியவர் தூங்குகிறார், மருத்துவர்களுக்கோ அவரைக் கவனிக்க நேரம் இல்லை. நியாயம்தான். ஆனால் அந்த வகையில் இருவருக்குமே பிறப்பின் நினைவு கிடைப்பதில்லை. கண் விழித்தபோது குழந்தை ஏற்கெனவே குளித்து, துணி சுற்றி, யாரோ கையில் இருந்தது என்று சொல்லும் அம்மாக்கள், 'இது என் பிள்ளைதானா' என்று ஒரு நொடி தோன்றியதையும் கூச்சத்தோடு சொல்வார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் தூங்கியபோது ஒரு பெரிய காரியம் நடந்து முடிந்துவிட்டது. இப்படி ஆனால் வெளியே நிற்கும் கணவர் செய்யக்கூடியது, மணி பார்ப்பதும், குழந்தையை முதலில் காட்டியபோது எப்படி இருந்தது என்பதை நினைவில் வைப்பதும், மருத்துவமனை சம்மதித்தால் ஒரு படம் எடுப்பதும். சாதாரண விஷயங்களாகத் தெரியும். பிற்பாடு அவள் கேட்கப்போவது அவற்றைத்தான்.

இனி நம் ஊர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுவதற்கும் சராசரி 21.5தான். இந்த எண்கள் ஏன் இவ்வளவு என்பதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும். இங்கே நான் பார்ப்பது, இத்தனை லட்சம் பெண்களில் யாருடைய தலைமாட்டில் யார் இருந்தார்கள் என்பதை.

அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2000களிலேயே வந்தது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் பிரசவத் துணையை வலியுறுத்துகிறது. ஏன் பெண் துணை? ஒரே கூடத்தில் பல பெண்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒருத்தியின் கணவர் வந்தால் மற்றவர்களின் மறைவு போய்விடும். கட்டடம் போட்ட விதி இது. கலாசாரத்தை மட்டும் பழிப்பதில் பயன் இல்லை. ஆனால் தியேட்டரில் ஒரு நேரத்தில் ஒரு மேசைக்கு ஒரு பெண்தானே இருக்கிறாள்? அங்கே மறைவு என்ற காரணம் அவ்வளவாகப் பொருந்தாது. கிருமித் தொற்று பயம், கூடுதல் உடை, இடம், நெருக்கடியில் உறவினர் கூச்சலிடுவார் என்ற அச்சம் ஆகியவைதான் மிச்சம். சில தனியார் மருத்துவமனைகள் இப்போது கணவரை விடுகின்றன. ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே கேளுங்கள். 'அவசரமா ஆபரேஷன் ஆனா அவர் உள்ள வரலாமா, முழு மயக்கம்னா எங்க நிப்பார்' என்று இரண்டு கேள்வி போதும்.

துணை என்பதால் உண்மையில் பயன் உண்டா? பிரசவ வலி நேரத்தில் தொடர்ந்து ஒருவர் துணை இருப்பது பற்றி 17 நாடுகளில், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட அலசலில், துணை இருந்தவர்களுக்கு சிசேரியன் வாய்ப்பு குறைவாகவும், பிரசவம் கசப்பான அனுபவமாக மனதில் நிற்பது குறைவாகவும் இருந்தது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனமும் பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. தேர்ந்தெடுப்பவள் அவள் என்பதை அடிக்கோடிட வேண்டும். சிலருக்குக் கணவரைவிட அம்மா பக்கத்தில் இருந்தால்தான் தைரியம். அதுவும் சரிதான்.

கையெழுத்து விஷயமும் இதோடு சேர்ந்தது. நம் ஊரில் சம்மதப் படிவத்தைக் கணவரிடம் நீட்டுவது வழக்கம். பிரிட்டனில் அவருடைய கையெழுத்தை யாரும் கேட்கவே இல்லை, வலிக்கு நடுவில் நான்தான் கிறுக்கினேன். நினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவள் சம்மதமே சம்மதம். இந்தியச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. கணவர் உள்ளே வருவது முடிவெடுக்க இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்சம் இருக்கிறது. எனக்கு அந்த 50 நிமிடம் கிழிந்த துணி மாதிரி நினைவில் இருந்தது: மூக்குத்தி, பூனை, துவரம்பருப்பு, ஒரு ஜோடிக் கண். நடுவில் ஓட்டைகள். பாலூட்டும் நடுராத்திரிகளில் அவரிடம் கேட்டுக் கேட்டு ஒட்டுப்போட்டேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கு லேசானது. அவருக்குக் கனத்தது என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லையே. நீல நிறத்தில் அசையாமல் கிடந்த குழந்தையைப் பார்த்தது அவர் ஒருவர்தான். மூன்றாம் மாதம், ஆஸ்பத்திரி வாடை அடித்த ஒரு லிஃப்டில் ஏறாமல் படியில் நடந்தார். அப்போதுதான் கேட்டேன்.

பிரசவத்துக்குப் பிறகு நூறில் மூன்று நான்கு பெண்களுக்கு அந்த அதிர்ச்சி ஒரு நோயாகவே நிலைத்துவிடுகிறது: திரும்பத் திரும்பக் காட்சி வருவது, தூக்கம் கெடுவது, மருத்துவமனைப் பக்கமே போக முடியாமல் இருப்பது. அவசர சிசேரியன் அதற்கான வாய்ப்பைக் கூட்டும். உடனிருந்த கணவருக்கும் வரலாம். 'ஆம்பளைக்கு என்ன, அவனா பெத்தான்' என்று தட்டிவிடாமல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் மருத்துவச்சி ஒருவர் உட்கார்ந்து பிரசவக் குறிப்பேட்டை வரி வரியாக விளக்குவார். இந்தியாவில் அந்த ஏற்பாடு அரிது. ஆனால் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஆபரேஷன் எதனால், கருப்பையில் எந்த மாதிரி வெட்டு என்ற இரண்டும் அடுத்த பிரசவத்துக்குத் தேவைப்படும். அதற்காகவாவது வாங்கி வையுங்கள்.

நாங்களும் அந்த மருத்துவச்சியிடம் போய் உட்கார்ந்தோம். குறிப்பேட்டில் நேரம் எழுதியிருந்தது. வெளியே எடுத்தது இத்தனை மணி, மூச்சு கொடுத்தது இத்தனை முறை, அழுகை ஒரு நிமிடம் பத்து வினாடியில். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். இன்றைக்கும் கேட்டால் ஐந்து நிமிடம் என்றுதான் சொல்கிறார்.